உள்ளே வழியும் ரத்தம்

என் தங்கையின் உயரம் நான்கு அடி பத்து அங்குலம். 2020 ஜூன் மாதம், கொரோனா வார்டில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட கவச உடையின் அளவு எக்ஸ்எல். வேறு அளவே இல்லையா என்று கேட்டேன். "எல் இருந்துச்சுக்கா, அது டாக்டருங்களுக்கே பத்தல" என்றாள். கால்சட்டையின் கவடு அவளுக்கு முழங்காலில் வந்து நின்றது. இடுப்பில் ஒரு சுற்று, கணுக்கால்களில் ஒவ்வொரு சுற்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் நடந்தாள். தலைமூடி அடிக்கடி சரிந்து கண்ணாடியை மறைக்கும். கையால் தள்ளிவிட முடியாது, நோயாளியைத் தொட்ட கையுறை. தோள்பட்டையைத் தூக்கி இடித்து இடித்து மேலே ஏற்றுவாளாம். அப்படிப் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நரம்பு தேடி ஊசி போட்டிருக்கிறாள்.

ஆறு மணி நேர ஷிப்ட். ஒருமுறை போட்டால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் கழற்றலாம். நடுவில் சிறுநீர் கழிக்கப் போனால் அந்த உடை குப்பைக்குப் போக வேண்டும், புதிதாக ஒன்று பிரிக்க வேண்டும், மேற்பார்வையாளரிடம் பதில் சொல்ல வேண்டும். எனவே ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் கட்டும் டயாபர் கட்டிக்கொள்வார்கள். இதெல்லாம் அப்போது செய்தித்தாளில் வந்ததுதான். வராத ஒன்றை அவள் எனக்குச் சொன்னது ஏழெட்டு மாதம் கழித்து. ஊருக்கு வந்திருந்தாள், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

"ரெண்டாம் நாளுக்கா. மூணு மணி நேரத்துலயே நாப்கின் தாங்கல. கால் வழியா இறங்கி ஷூ வரைக்கும் போயிருச்சு. வெள்ளை உடுப்பாச்சே, பின்னாடி தெரிஞ்சுருமோன்னு மிச்ச நேரம் முழுக்க சுவரை ஒட்டியே நடந்தேன்."

தெரியவில்லை. தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அந்தத் துணி ரத்தத்தை ஊடுருவ விடாது என்று சோதித்துச் சான்றிதழ் பெற்ற துணி.

அந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 தொடக்கத்தில் இந்தியாவில் இவ்வகை முழுநீளக் கவச உடைகளின் உற்பத்தி இல்லை என்றே சொல்லலாம். கொல்கத்தாவில் மருத்துவர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தார்கள் என்று மார்ச் மாதக் கடைசியில் செய்தி வந்தது. பிறகு அவசர அவசரமாகத் துணி நெய்வதும் தைப்பதும் தொடங்கியபோது, எது தேறும் எது தேறாது என்று சோதித்துச் சொன்ன ஆய்வகம் கோவையில் இருக்கிறது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், சிட்ரா. அங்கே துணியின் ஒரு பக்கத்தில் செயற்கை ரத்தத்தை வைத்து அழுத்தம் கொடுப்பார்கள். மறுபக்கம் கசிந்தால் துணி தோற்றது. தையல் ஓரங்களில் ஊசித் துளை வழியே கசியும் என்பதால் சூடான காற்றில் நாடா ஒட்டி அடைக்க வேண்டும். அந்த நாடாவுக்கும் அதை ஒட்டும் எந்திரத்துக்கும் ஏற்பட்ட தட்டுப்பாடு அப்போது பெரிய பேச்சாக இருந்தது. நல்ல சோதனை, தேவையான சோதனை. மே மாத நடுவில் நாளொன்றுக்கு 4 லட்சத்துக்கு மேல் உடைகள் தயாராகின்றன என்று அரசு பெருமையுடன் அறிவித்தது. பெருமைப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை.

நான் கேட்பது மறுபக்கத்தை. வெளியிலிருந்து வரும் ரத்தம் உள்ளே போகக் கூடாது என்பதற்கு அழுத்தம், நேரம், தரவகுப்பு எல்லாம் வகுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் உடலிலிருந்தே மாதத்தில் நான்கைந்து நாள் ரத்தம் வருமே, ஆறு மணி நேரம் அது எங்கே போகும் என்ற கேள்வி எந்த மேஜையிலும் எழவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மருத்துவ, சமூக நலப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் பெண்கள். நம் ஊர் வார்டுகளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம், ஒருமுறை உள்ளே போய் வந்தால் போதும். பத்துப் பேருக்கு உடை தைக்கும்போது அதில் ஏழு பேரின் உடல் எப்படிப்பட்டது என்று தோன்றாமல் போனதை மறதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மறப்பதற்கு முதலில் ஒருமுறையாவது நினைத்திருக்க வேண்டும்.

பதிற்றுப்பத்தில் கவசத்துக்கு ஒரு சொல் உண்டு: மெய்ம்மறை. மெய்யை மறைப்பது. வகுப்பில் இந்தச் சொல்லை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் மெய் என்றால் உண்மையும்தானே மேடம் என்று கேட்பார்கள், சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இப்போது போக முடிவதில்லை. அந்தச் சொல்லை அப்பாடல்கள் அரசனுக்கு ஆகுபெயராகச் சொல்கின்றன. தன் வீரர்களுக்கு அவன்தான் மெய்ம்மறை, முன்னால் நின்று அடி வாங்குபவன் அவன். நம் காலத்தில் இது அப்படியே தலைகீழாகிவிட்டது. முன்களப் பணியாளர் என்று அழகாகப் பெயர் வைத்து, 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களை முன்னால் நிறுத்தினோம். போர் என்றே பேசினார்கள் எல்லோரும். போர் என்றால் சிப்பாய்க்கு அவன் கால் அளவில் பூட்ஸ் கொடுப்பார்கள். இங்கே போர் இருந்தது, அளவு இல்லை.

கவசம் என்ற பெயரில் நம்மிடம் பக்தி நூல்களும் இருக்கின்றன. அவற்றின் முறையைப் பாருங்கள். காக்க என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்ளாது. தலை, நெற்றி, கண், செவி என்று உச்சியிலிருந்து பாதம் வரை உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிக் கேட்கும், கூச்சப்பட்டு எதையும் விட்டுவிடாது. எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, பெயர் சொல்லாத உறுப்புக்குக் காப்பு இல்லை என்று. நம் கொள்முதல் பட்டியல்களை எழுதுகிறவர்களுக்கு அது தெரியவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது அத்தியாவசியப் பொருட்களின் பட்டியலில் நாப்கின் தெளிவாக இல்லை. கடைகளில் கிடைக்காமல் கூச்சல் எழுந்து, மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில்தான் அதுவும் அத்தியாவசியம் என்று விளக்கம் வந்தது. மருந்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. நோய் முதலில் வெடித்த சீனாவிலும் இதேதான். ஹூபே மாகாணத்துக்கு வெளியிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 42,000 மருத்துவப் பணியாளர்களில் 28,000 பேர் பெண்கள். 2020 பிப்ரவரியில் ஷாங்காயைச் சேர்ந்த லியாங் யூ என்ற இளம்பெண் சமூக ஊடகத்தில் ஒரு கேள்வி கேட்டார்: அங்கே இருக்கும் பெண்களுக்கு நாப்கின் போய்ச் சேருகிறதா? சேரவில்லை. அவரும் தோழிகளும் பணம் திரட்டி நாப்கினும் மாதவிலக்கு உள்ளாடைகளும் அனுப்ப முயன்றபோது சில மருத்துவமனை நிர்வாகங்கள், இது அவசரம் இல்லை, தேவையில்லை என்று பதில் சொல்லின. அதே மாதத்தில் கான்சு மாகாணத்திலிருந்து ஒரு காணொளி வெளியானது. ஹூபேவுக்குப் புறப்படும் பெண் செவிலியர்களுக்கு வரிசையாக மொட்டை அடிக்கிறார்கள். சிலர் கண்ணில் நீர் வழிகிறது. வீரம், தியாகம் என்று பரப்பப்பட்ட அந்தக் காணொளி சீனப் பெண்களுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. தொப்பிக்குள் முடி அடங்கவில்லை என்றால் தொப்பியைத்தானே மாற்ற வேண்டும்?

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை அங்கேயும் புழங்கியது, இங்கேயும் புழங்கியது. என் தங்கையின் வார்டில் அதற்கு 'திருவிழா மாத்திரை' என்று பெயர். வீட்டில் விசேஷம், கோயில் கொடை, கல்யாணம் என்றால் அம்மாக்கள் வாங்கிக் கொடுப்பார்களே, அதேதான். தீட்டு என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட உடல், கொரோனா வார்டுக்குள் நுழையவும் அதே மாத்திரையைப் போட வேண்டியிருந்தது. மூன்று மாதம் தொடர்ந்து போட்டவர்களும் அங்கே உண்டாம். யாரும் போடச் சொல்லி உத்தரவு போடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உத்தரவு தேவைப்படவில்லை. உடலுக்கு ஏற்ற உடை கிடைக்காதபோது உடைக்கு ஏற்றபடி உடலை மாற்றிக்கொள்ள நமக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம் இருக்கிறது.

இந்தக் கட்டுரையை முதலில் ஒரு கருத்தரங்கில் பேசினேன். கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, ஆண்களும்தானே அந்த உடைக்குள் வெந்தார்கள், கிருமி ஆண் பெண் பார்க்குமா என்றார். கைதட்டலும் கிடைத்தது அவருக்கு. வெந்தார்கள் ஐயா. மயங்கி விழுந்தார்கள், சிறுநீரை அடக்கினார்கள், செத்தும் போனார்கள். யார் மறுத்தது? கிருமி ஆண் பெண் பார்க்காது. துணி வெட்டும் கத்தரி பார்க்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். பிரிட்டன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், பாதுகாப்புச் சாதனங்கள் பற்றிப் பதில் சொன்ன பெண்களில் 29 சதவீதத்தினர் மட்டுமே தாங்கள் அணிவது பெண்களுக்கென வடிவமைக்கப்பட்டது என்றார்கள். மற்றவர்கள் அணிந்தது ஆணுக்கு வெட்டியதன் சிறிய அளவு, அல்லது சிறிதாகக்கூட ஆக்கப்படாதது. பெரிதாக வாங்கிவிட்டால் எல்லோரும் நுழைந்துகொள்ளலாம் என்பது வாங்குபவரின் கணக்கு. அதை வசதிக் குறைவு என்று நினைக்கக் கூடாது, அது ஆபத்து. தொளதொளத்த துணி கதவுப் பிடியில் மாட்டும், கட்டில் முனையில் கிழியும். எல்லாவற்றையும்விட, கழற்றும்போது உதறும். கவச உடையில் மிக அபாயமான நேரம் அதைக் கழற்றும் நேரம்தான், வெளிப்புறம் முழுக்கக் கிருமி ஒட்டியிருக்கும்போது அதை உடம்பில் படாமல் உரிக்க வேண்டும். முழங்காலில் தொங்கும் கவடும் உள்ளங்கையை மூடும் கைநீளமும் இருக்கிறவள், ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டு, நடுங்கும் கையோடு அதைச் செய்கிறாள்.

தொற்றிவிட்டால் யார்மேல் பழி வரும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2014 அக்டோபரில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்ட இரண்டு செவிலியர்களுக்கு நோய் தொற்றியது. இருவரும் பெண்கள். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர் வாயிலிருந்து முதலில் வந்தது 'நெறிமுறை மீறல்' என்ற சொல். செவிலியர் சங்கங்கள் கொதித்தெழுந்தன: கொடுத்த உடையில் கழுத்து திறந்தே இருந்தது, அதை மூட டேப் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, இதில் எதை மீறினார்கள்? அவர் வருத்தம் தெரிவித்தார். அந்த மாதம் 20-ஆம் தேதி வெளியான புதிய வழிகாட்டுதலில், தோல் எங்குமே வெளியே தெரியக் கூடாது என்ற விதி வந்தது. ஆக, முந்தைய விதியில் கழுத்து இல்லை. டல்லாஸில் டேப், எங்கள் ஊரில் பிளாஸ்டர்.

அதே ஆண்டு அமெரிக்காவிலேயே நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எபோலாவுக்கு மேலான ஒரு கவச உடையை வடிவமைக்க ஒரு குழு கூடியது. பொறியாளர்கள், மருத்துவர்கள், செவிலியர்களோடு ஜில் ஆண்ட்ரூஸ் என்ற பெண்ணும் அதில் இருந்தார். அவர் தொழில் கல்யாண கவுன் வடிவமைப்பது. அந்த உடையில் ஜிப் முன்னால் இல்லை, முதுகுப் பக்கம் வந்தது. பின்னால் திறந்தால் கூட்டுப்புழு கூட்டை விடுவதுபோல முன்பக்கமாக உரிந்து வந்துவிடும், கிருமி பட்ட பக்கத்தை அணிந்தவர் தொட வேண்டிய வேலை குறையும், கழற்றும் நேரமும் படிகளும் குறையும். ஒரு பெரிய கனமான துணிக்குள் ஒரு பெண்ணை எப்படி நுழைப்பது, எப்படி வெளியே எடுப்பது என்பதைப் பல ஆண்டுகளாகக் கையால் செய்து பார்த்தவருக்குத் தெரியாதா?

நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் அக்கா ஒரு ஜாக்கெட்டுக்கு மார்பு, இடுப்பு, தோள், அக்குள், கைநீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று பத்து இடத்தில் டேப்பை வைக்காமல் துணியைத் தொட மாட்டார். ஊரடங்குக் காலத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகள் கவச உடைக்கு மாறியபோது தையல் எந்திரங்களில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பெண்ணின் உடம்பு எப்படி இருக்கும், எங்கே அகலும், எங்கே ஒடுங்கும், எந்த நாளில் என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வரைபடம் அவர்கள் மேஜைக்கு வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும். தைக்கும் பெண்ணும் போடும் பெண்ணும் ஒரே ஒரு மணி நேரம் சந்தித்திருந்தால் அந்த உடை வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கவச உடையே கிடைக்காதவர்களைப் பற்றி இன்னும் பேசவில்லை. வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கப் போன ஆஷா, அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் போதும் என்றது மத்திய அரசின் வழிகாட்டுதல். அந்த இரண்டுமே ஒழுங்காக வரவில்லை என்றுதான் 2020 ஆகஸ்டில் நாடெங்கும் லட்சக்கணக்கான ஆஷா பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் தங்கையின் வார்டில் மருத்துவர் பார்த்துவிட்டுப் போன பிறகு, செவிலியர் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு, வாந்தியையும் மலத்தையும் அள்ளிய அம்மாவுக்குக் கிடைத்தது மெல்லிய நீலக் கவுன், பின்னால் கயிறு கட்டுவது. நோயாளியின் உடல்திரவத்துக்கு அவரைவிட நெருக்கமாக அந்த வார்டில் யாரும் போகவில்லை. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்ததும் அந்த 2020-இல்தான். சொல் மாறியதில் தமிழாசிரியையாக எனக்கு மகிழ்ச்சியே. கவுன் மாறவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தங்கை வேலை பார்த்தது தனியார் மருத்துவமனை. அங்கே ஒவ்வொரு நோயாளியின் பில்லிலும் நாளொன்றுக்குப் பல கவச உடைகளுக்குக் காசு போடப்பட்டது. பன்னிரண்டு நோயாளிகளை அவள் பார்த்தது ஒரே உடையில். பன்னிரண்டு பேருக்கும் விற்கப்பட்ட உடைகளில் ஒன்றைக்கூடக் கூடுதலாகக் கேட்டு, இரண்டாம் நாள் என்று சொல்லி, கழிப்பறைக்குப் போக அவளால் முடியவில்லை.

துணி குறைந்த இடத்தையெல்லாம் பாராட்டை வைத்து நிரப்பினார்கள். மார்ச் 22 மாலை தட்டில் கரண்டியால் அடித்தோம். மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மேல் பூத்தூவினார்கள். வெள்ளுடை தேவதைகள் என்று கவிதைகள் வந்து குவிந்தன, அவற்றில் சிலவற்றை எழுதியவர்கள் என் நண்பர்கள், நேரில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்: தேவதைக்கு மாதவிலக்கு கிடையாது, மூத்திரம் வராது, சம்பளமும் வேண்டாம். அதனால்தான் அந்தச் சொல் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. கேரளத்தில் 2018 நிபா பரவலின்போது பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, நோய் இன்னதென்று தெரியாத நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு, தானும் தொற்றுக்குள்ளாகி மே 21 அன்று இறந்தார். கணவருக்கு அவர் எழுதிவைத்த கடிதத்தை நாடே பகிர்ந்தது. நானும் பகிர்ந்தேன், அழுதேன். நல்ல மனைவி, நல்ல தாய் என்று எழுதினோம். தாலுகா மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வருகிற ஒருவரைத் தொடப் போகும் செவிலியரின் கைக்கு எட்டும் தூரத்தில், நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே, என்னென்ன இருக்க வேண்டும் என்று நான் அன்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கொரோனாக் காலத்துக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,400-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. புத்தாண்டில் அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அப்போது ஹெலிகாப்டர் எதுவும் வரவில்லை.

அடுத்த கிருமி வரும். கொள்முதல் குழு ஒன்று மறுபடியும் கூடும். அந்த மேஜையில் வார்டில் நின்ற செவிலியர் ஒருவர், வார்டைக் கூட்டிய பெண் ஒருவர், தையல் தெரிந்த பெண் ஒருவர் உட்கார வேண்டும், தேநீர் கொடுக்க அல்ல. எஸ், எக்ஸ்எஸ் அளவுகள் வேண்டும், அட்டைப்பெட்டியில் அச்சடிக்க மட்டும் இல்லாமல் வார்டுக்கு வந்து சேர. கவச உடையோடு நாப்கினும் அதே பட்டியலில், அதே டெண்டரில். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வர உரிமை, அதற்கான கூடுதல் உடை, கூடுதல் ஆள், கழற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வரும் கழிப்பறை.

தங்கைக்கு இதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், நடுவில் எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும், "நாலு மணி நேரம்னு போட்டுருக்க. மூணுன்னு மாத்துக்கா" என்றாள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.